மாமாவின் அடக்கமும் என் பயண அட்டையும்

ஏமாந்தவன் சாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். தான் ஏமாந்ததை உடனுக்குடன் கண்டுபிடித்துவிடுகிறவன்தான் ஆபத்தானவன். அவனோடு பஸ்ஸில் ஏறவே கூடாது. நான் இந்த இரண்டாவது ரகம் என்பது என் தாய்மாமா இறந்த அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவந்தது.

பழனி அடிவாரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு பைக்கடை. சாமி கும்பிட வருகிறவர்களுக்குத் தோள்பை, அவர்களுடைய பிள்ளைகள் அழுதால் பொம்மை. பஸ்ஸில் காசுக்குப் பதிலாகத் தட்டுகிற அட்டை வந்ததும் எங்கள் தெருவில் முதல் ஆளாக வாங்கினேன். சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்டும் காலம் மலையேறிவிட்டது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (என் மனைவி ரிஸ்வானா கேட்காதவர்கள் பட்டியலில் வருவாள்.)

காதர் மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்தில் பழக்கடை வைத்திருந்தார். பழனி பஸ் வந்து நின்றால் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்ப்பார். எங்கள் ஆட்கள் யாராவது இருந்தால் ஒரு பை பேரிக்காய் உள்ளே வந்து விழும். என் அத்தா கண்ணை மூடி மவுத்தானபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கையில் பிடித்து மையவாடிக்கு அழைத்துப் போனவர் மாமாதான். குழிக்குள் எப்படி மண் போட வேண்டும் என்று என் கையைத் தன் கைக்குள் வைத்துப் போட வைத்தார்.

அந்த மாமா போய்விட்டார் என்று காலையில் போன் வந்தது. பேசியது அவருடைய மகன் அன்வர்.

"மச்சான், அத்தா போயிட்டாங்க மச்சான். மத்தியானம் லுஹர் தொழுதுட்டு அடக்கம். வெரசா வந்துருங்க."

அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். "ஏலே ஜாகிரு, ஒரு காரு சொல்லுடா."

"காரு வந்து சேர நேரமாகும்மா. பஸ்ஸு நிக்கிது. எங்கிட்ட கார்டு இருக்கு."

(மவுத்து வீட்டுக்குக் கிளம்புகிறவன் வாயிலிருந்து வருகிற வார்த்தையா இது?)

அம்மா, ரிஸ்வானா, நான் மூவரும் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் சின்ன வயதுக்காரர். டிக்கெட் மெஷினைப் பிறந்த குழந்தையைப் போலப் பயந்து பயந்து பிடித்திருந்தார். "பெருமாள்மலை மூணு" என்று சொல்லி அட்டையை வைத்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

"ஆகலைங்க. மறுக்கா வைங்க."

வைத்தேன்.

"நல்லா ஒட்டி வைங்க."

மூன்றாவது முறை மெஷின் கீச்சென்றது. டிக்கெட் வந்தது. சில்லறை தேடிக்கொண்டிருந்த சனங்களை ஒரு சுற்றுப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

மலை ஏற ஏற சிக்னல் போய்விட்டது. சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில் என் சட்டைப்பை வரிசையாகத் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். மூன்று தடவை வைத்ததற்கும் மூன்று தடவை காசு போயிருந்தது. அதுவும் பெருமாள்மலைக்கு அல்ல, கொடைக்கானல் வரைக்கும். மலைக்காட்டில் அட்டை காலைக் கடித்தால் உப்பைத் தடவினால் விழுந்துவிடும். இந்த அட்டைக்கு எதைத் தடவுவது?

"ஏங்க, இங்க பாருங்க. மூணு தடவ எடுத்துருக்கு."

கண்டக்டர் வாங்கிப் பார்த்தார். "ஆமாங்க, எடுத்துருக்கு."

"அப்ப குடுங்க."

"நான் எங்கிட்டுப் போயிக் குடுக்க? காசு எங்கிட்ட வரலீங்க. மெஷினுக்குப் போயிருக்கு."

"மெஷின் யாருகிட்ட இருக்கு?"

அவர் தன் கையைப் பார்த்தார். "எங்கிட்டதான்."

கடைசி சீட்டிலிருந்து ஒருவர், "விடாதீங்க தம்பி, இன்னைக்கி உங்களுக்கு, நாளைக்கி எங்களுக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் நாட்டுக்கே வழக்கறிஞர் ஆகிவிட்டேன். முன்சீட்டு அம்மா ஒருவர், "எங்களுக்குச் சோலி கெடக்குங்க" என்றதெல்லாம் காதில் ஏறவில்லை. ரிஸ்வானா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, கூட எடுத்தது தானா வந்துரும்னு சொல்றாங்க. நாம போற காரியம் என்ன? விடுங்க."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

அட்டையின் பின்பக்கம் உதவிக்கு ஒரு நம்பர் இருந்தது. அந்த வளைவை விட்டால் சிக்னல் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்தச் சொன்னேன். நின்றது. (என் நியாயத்துக்காக நின்றது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். டிரைவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்ததாம்.) இறங்கித் தடுப்புச் சுவர் ஓரமாகப் போய் நின்று நம்பரைப் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன். புகாருக்கு வேறொன்றை அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள். கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்து என் முழங்கால் வரைக்கும் மூடியது.

டிரைவர் திரும்பி வந்து ஹாரன் அடித்தார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். மறுபடி அடித்தார். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏலே, எங்கண்ணன மண்ணுல வைக்கப் போறாங்கடா. வந்து ஏறு."

"லைன்ல இருக்கேம்மா! எனக்கு முன்னால ரெண்டே பேருதானாம்!"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"தம்பி, வண்டிய எடுங்க."

ஓரமாகப் போட எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். பஸ் வளைவில் திரும்பியது. பின்பக்கச் சிவப்பு விளக்கு மஞ்சுக்குள் கரைந்துபோனது. சரியாக அப்போது பாட்டு நின்று ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"எங்கம்மா பஸ்ஸுல போயிட்டாங்க" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டது.

அடுத்த பஸ் வருகிற வழியைக் காணோம். கார்கள் என்னைப் பார்த்ததும் வேகம் எடுத்தன. வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, சுற்றிலும் மஞ்சு. நானே என்றாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். கடைசியில் கொடைக்கானல் கறிக்கடைகளுக்குக் கோழி ஏற்றிப்போகும் வண்டி ஒன்று நின்றது. முன்னால் இடமில்லை. பின்னால் கூண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன். கோழிகள் கூண்டுக் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தபடியே வந்தன. அவற்றுக்கும் போகிற இடம் தெரிந்திருந்தது போல.

பெருமாள்மலையில் இறங்கியபோது மாமாவின் கடை சாத்தியிருந்தது. மையவாடிப் பக்கமிருந்து ஆண்கள் கும்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் ஈரமண். அன்வர் என் முன்னால் நின்றான். என் முடியிலிருந்து ஒரு இறகை எடுத்துக் கீழே போட்டான்.

"சந்தூக்குல முன்பக்கம் உங்களுக்குன்னு வச்சிருந்தோம் மச்சான். பாத்தோம், பாத்தோம். பெறகு பக்கத்துக் கடை அண்ணன்தான் தோளு குடுத்தாரு."

அவனுடைய சட்டை ஒன்றைக் கொடுத்தான். பச்சைத்தண்ணீரில் குளித்து, தொழுகைக்குக் கழுவுவதுபோல் ஒளுச் செய்து, அவனோடு மையவாடிக்குப் போனேன். மண் மேடாகக் குவித்து நீர் தெளித்திருந்தார்கள். நான் போட வேண்டிய மண்ணை எல்லோரும் போய் முடிந்த பிறகு மேலே போட்டேன். என் கையைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. ஓதத் தெரிந்த துஆகூட நினைவுக்கு வரவில்லை. "மாமா, காசு கூட எடுத்துட்டாங்க" என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. அதற்காகத்தான் அங்கே நின்று அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பினோம். கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் மாமி உள்ளறையில் இருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை என்று எல்லோருக்கும் பயம். வாசல் திரைக்கு வெளியே நின்று சலாம் சொன்னேன்.

"யாரு, ஜாகிரா?" என்றது உள்ளிருந்து குரல். "ஏன் கோழி வாசம் வருது?"

சொன்னேன். மூன்று தடவை தட்டியது, பாட்டுக் கேட்டது, அம்மா வண்டியை எடுக்கச் சொன்னது, எல்லாவற்றையும். உள்ளே ஒரு விம்மல் கேட்டது. அழுகிறார் என்று நினைத்தோம். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து, மூச்சு முட்டி, அது அப்படியே அழுகையாக மாறியது. கூட இருந்த பெண்களும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்துகொண்டார்கள்.

"அவரு இருந்துருந்தா, இதச் சொல்லிச் சொல்லியே யாவாரம் பாத்துருப்பாரு" என்றார் மாமி.

கூடுதலாகப் போன காசு சில நாளில் தானாகவே அட்டைக்குத் திரும்பிவிட்டது. ரிஸ்வானா செய்தியைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா என்னிடம் பேசுகிறாள். என்னோடு பஸ்ஸில் மட்டும் ஏறுவதில்லை. குடும்பத்தில் எங்கே மவுத்து என்றாலும், சொல்கிறவர்கள் அடக்கம் எப்போது என்று எனக்கு மட்டும் ஒரு தொழுகை முன்னாலேயே சொல்கிறார்கள்.

போன மாதம் ஆடலூரில் என் அத்தாவின் அண்ணன், பெரியத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். இந்த முறை யாரும் பேசிவிடக் கூடாது என்று கார் வைத்துக்கொண்டு வெள்ளனே போய் இறங்கிவிட்டேன். கட்டிலைச் சுற்றிச் சொந்தபந்தமெல்லாம் நின்றது. குனிந்து, "பெரியத்தா, ஜாகிர் வந்துருக்கேன்" என்றேன்.

அவர் சிரமப்பட்டுக் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"ஜாகிரே வந்துட்டானா? அப்ப என்னைய அடக்கம் பண்ணியாச்சாடா?"