கிருபைக்குத் தகுதித் தேர்வு

மாசச்சூசெட்ஸ் கரையில் விண்டர்பர்ன் என்ற எங்கள் ஊரை நாங்கள் நிறுவியதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: இங்கிலாந்தில் எங்களைக் கேள்வி கேட்டார்கள். கோயிலில் ஏன் மண்டியிடவில்லை, உங்கள் போதகர் ஏன் வெள்ளை அங்கி போடவில்லை, பக்கத்து ஊர்ப் பிரசங்கத்துக்கு ஏன் நடந்து போனீர்கள் என்று பேராயரின் ஆட்கள் மூச்சுவிட விடாமல் கேட்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தோம். கடைசியில் வீடுவாசலை விற்று, ஒன்பது வாரம் கப்பலில் வாந்தியெடுத்து, இந்தக் கரையில் வந்து விழுந்தோம். இறங்கிய மூன்றாம் நாள், தலைக்கு மேல் கூரைகூட இல்லாத நிலையில், நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்க ஒரு குழு அமைத்தோம்.

அந்தக் குழுவின் செயலாளர் அடியேன்தான். மூப்பர் எப்பிராயீம் ஸ்டோக்.

நடைமுறை எளிதானது. சபையில் சேர விரும்புகிறவர் எல்லோர் முன்னிலையிலும் நின்று, தேவகிருபை தன் உள்ளத்தை எப்படித் தொட்டது என்று சாட்சி சொல்ல வேண்டும். நாங்கள் குடைந்து குடைந்து கேட்போம். தேறாதவர் பிரசங்கத்துக்கு வரலாம். வராவிட்டால் தண்டனை உண்டு. ஆனால் அவருக்கு ஓட்டு கிடையாது, அவர் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கிடையாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தேவன் யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அதை எவராலும் மாற்ற முடியாது. ஆகவே நாங்கள் மிகக் கண்டிப்பாக விசாரித்தாக வேண்டும். இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

பீப்பாய் செய்கிற ஒபதியா ஃபின்ச் விண்ணப்பித்தது இந்தச் சூழலில்தான். அவன் மனைவி டிசையர் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவது பெண் குழந்தை பிறந்து பத்து நாளாகியும் சரியாகப் பால் குடிக்கவில்லை. இதற்காவது ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் தவித்தார்கள்.

முதல் விசாரணையில் ஃபின்ச் நெஞ்சை நிமிர்த்தி, “தேவன் என்னை மன்னிச்சுட்டாருங்க, எனக்கு நல்லாத் தெரியும்” என்றான். எங்கள் போதகர் செருபாபேல் ஹாலோவே புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு நிச்சயமாக இருப்பவனுக்கு அகந்தை இருக்கிறது. அகந்தை இருப்பவனுக்குக் கிருபை இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்த வாரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். தான் நரகத்துக்குத்தான் போகப்போவதாகவும் அதில் துளியும் சந்தேகமில்லை என்றும் அழுதான். எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் போதகர் விடுவாரா? தேவனுடைய இரகசியத் தீர்மானம் உனக்கு எப்படித் தெரியும், எட்டிப்பார்த்தாயா என்று கேட்டார். இதுவும் அகந்தைதான் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றான். அனலுமில்லாத, குளிருமில்லாத வெதுவெதுப்பானவன் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

“அப்போ நான் என்னதாங்க சொல்லணும்?”

“நாங்க சொல்லிக்கொடுத்தா அது உன் சாட்சி ஆகாதேப்பா” என்றார் போதகர், பரிவோடு.

அப்போது பின் வரிசையிலிருந்து டிசையர் எழுந்தாள். இடுப்பில் குழந்தை. சபையில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. அவள் திறந்தாள்.

“முதல்முதலா நீங்க ஏழு பேரும் கொட்டகையில உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுத்தானே சபையை ஆரம்பிச்சீங்க? முதல் ஆளை விசாரிச்ச ஆறு பேரை யாருங்க விசாரிச்சது?”

பெண் கேட்டதால் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஆனால் போதகர் நேர்மையானவர். அதுதான் வினையாகப் போயிற்று. சபையை ஆரம்பித்த ஏழு தூண்களையும், தம்மையும் சேர்த்தே, மறுவிசாரணை செய்ய உத்தரவிட்டார். எனக்குக் கிருபை கிடைத்ததாக நம்புகிறேன் என்றேன். நிச்சயமாகவா என்றார்கள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். நான் அவுட். மற்ற ஐந்து பேரும் அப்படியே போனார்கள். போதகரை விசாரிக்க ஆள் மிஞ்சாததால் அவரே பிரசங்க மேடையில் ஏறிக் கேள்வி கேட்டார், கீழே இறங்கி வந்து பதில் சொன்னார், மறுபடி மேலே ஏறித் தம்மை நிராகரித்தார்.

ஊரில் இப்போது சபை இல்லை; ஆகவே எந்தப் பிள்ளைக்கும் ஞானஸ்நானமும் இல்லை. பக்கத்து ஊர்ச் சபை வந்து எங்களைப் பரிசோதிக்கட்டும் என்று கடிதம் எழுதினோம். ‘எங்கள் கடிதத்தைப் பெறும் தகுதி உங்களுக்கு உண்டென்பதற்கு முதலில் சான்று அனுப்பவும்’ என்று பதில் வந்தது. அதே மாதம் போதகருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. எனக்கு ரூத் பிறந்தாள். என் மனைவி தேங்க்ஃபுல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த நிலையில்தான் பிரிஸ்டலிலிருந்து ஒரு கப்பல் வந்து நின்றது. தண்ணீர்ப் பீப்பாய்கள் ஒழுகுகின்றன என்று ஃபின்ச்சைக் கூப்பிட்டனுப்பினார்கள். கப்பலில் பேராயரின் சபையைச் சேர்ந்த ஒரு பாதிரியார் இருக்கிறார் என்ற செய்தி அவன் மூலமாகத்தான் ஊருக்குள் பரவியது. வெள்ளை அங்கி, கையில் சரிகைப் பின்னல், தோளில் புரளும் தலைமுடி. அந்த முடிக்கே எங்கள் ஊரில் இரண்டு மணி நேரம் காலைத் தொழுமரத்தில் மாட்டிப் பூட்டியிருப்போம்.

ஆனாலும் அந்தக் கை கொடுக்கிற ஞானஸ்நானம் செல்லும் என்று போதகர் விளக்கினார். எங்கள் எல்லோருக்கும் இங்கிலாந்தில் அந்த மாதிரிக் கைதானே கொடுத்தது? செல்லாது என்றால் நாங்கள் அத்தனை பேரும் அஞ்ஞானிகள் ஆகிவிடுவோமே.

மறுநாள் காலை ஆணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரூத்தைச் சால்வைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு படகேறினேன். கப்பல் தளத்தில் பார்த்தால், ஆணி வாங்க ஊரே வந்திருந்தது. ஒவ்வொரு சால்வையும் சிணுங்கியது. வரிசையில் முதலில் போதகர் நின்றார், இரண்டு கையிலும் இரண்டு.

பாதிரியார் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, “குழந்தை பேரென்ன?” என்றார்.

போதகர் காத்திருந்தார். “அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?”

“வேற என்ன கேக்கணும்?”

“எங்க தகுதியை யார் பார்க்குறது?”

“தண்ணி நிறைய இருக்கு ஐயா, எல்லாருக்கும் வரும்.”

போதகரின் முகம் சிவந்துவிட்டது. திரும்பி வரிசையைப் பார்த்தார். பிரசங்கத்தில் தூங்குகிறவன், நாங்கள் தடைசெய்த கிறிஸ்துமஸுக்கு ரகசியமாகப் பலகாரம் சுட்டவள், காது மறைய முடி வளர்த்தவன் என்று எல்லோரும் நின்றார்கள். வந்தவன் போனவனுக்கெல்லாம் வாரிக் கொடுத்தால் அதற்கு என்ன மரியாதை? அவர் கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது. அங்கேயே, கப்பல் தளத்திலேயே, ஒரு குழு அமைக்கப்பட்டது. செயலாளராக என்னையே போட்டார்கள். வரிசையில் போதகருக்கு அடுத்து நின்ற ஆளிடமிருந்து விசாரணை தொடங்கியது.

பீப்பாய் தட்டிக்கொண்டிருந்த ஃபின்ச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வரிசையில் குழந்தையோடு நின்ற டிசையரின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனான். “பேரென்ன?” என்று பாதிரியார் கேட்டது காதில் விழுந்தது. “சூசன்னா” என்றான் ஃபின்ச். குழந்தை வீல் என்று கத்தியது. போதகர் தம் முதல் கேள்வியின் முன்னுரையைக்கூட முடிக்கவில்லை, அவர்கள் படகில் இறங்கிவிட்டார்கள். டிசையர் அழுதுகொண்டே சிரித்தாள்.

நாங்கள் மூன்றாவது ஆளை நிராகரித்துக்கொண்டிருந்தபோது கப்பல் தலைவன் வந்தான். கடலேற்றம் வடிகிறது, எல்லோரும் இறங்குங்கள் என்று விரட்டினான். கரையில் நின்று பார்த்தோம். கப்பல் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது.

நான்கு வாரமாகப் பேசாதிருந்த தேங்க்ஃபுல் கரையிலேயே வாய் திறந்தாள். “கப்பல் போயிடுச்சுங்க. நம்ம புள்ளைக்கு?”

“தகுதியில்லாத ஒருத்தரையும் நாங்க விடலை” என்றேன். அவள் குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று மாலை நடவடிக்கைக் குறிப்பை எழுதினேன்: ‘குழுவின் விழிப்பினால் தகுதியற்றோர் எவரும் ஞானஸ்நானம் பெறாமல் தடுக்கப்பட்டனர்.’ போதகர் படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிற்காலத்தவர் அறியும்பொருட்டு, தடுக்கப்பட்டோரின் பெயர்ப்பட்டியலையும் கூடவே சேர்க்கச் சொன்னார். ஃபின்ச் வீட்டை மட்டும் விட்டுவிட்டு, அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் எழுதினேன். முதலில் ரூத்தின் பெயரை எழுதினேன்.