கூட்டுக்குப் பொறுப்பானவர்

இந்த ஜென்மத்தில் காஞ்சிபுரத்தை விட்டு நகர்வதில்லை என்று நமச்சிவாயம் முடிவு செய்தார். முடிவு உறுதியானதுதான். அதை மனைவியிடம் சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.

மகள் அகிலா சென்னையில், கொட்டிவாக்கத்தில், கடல் தெரிகிற மாதிரி வீடு வாங்கியிருந்தாள். "ரெண்டு பேரும் வந்து கொஞ்ச நாள் இருங்க" என்று நாலு வருஷமாகக் கூப்பிடுகிறாள். கலாவதி நாலு வருஷமாகப் பெட்டியைத் தூசி தட்டி வைக்கிறாள். நமச்சிவாயம் நாலு வருஷமாக ஒரே பதில் சொல்கிறார்: "தறியில பாவு இருக்குதே."

பட்டுத் தறிக்காரர் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகளை, அதாவது பாவை, பாதியில் விட்டுவிட்டு யாரும் ஊருக்குப் போவதில்லை. ஒரு பாவுக்கு மூன்று புடவை. மூன்றாவதை அறுத்ததும், பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்த்து முறுக்கினால் தறி மறுபடியும் நிறைந்துவிடும். ஊருக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். விரலில் சாம்பல் தொட்டு, குனிந்த தலை நிமிராமல், அந்த ஆயிரக்கணக்கான இழைகளையும் பிணைத்துக் கொடுப்பவள் கலாவதி. தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு இந்தப் பங்குனியில்தான் உறைத்தது.

"இந்தப் பாவு முடிஞ்சா அடுத்தத நான் பிணைக்க மாட்டேன்."

"ஏம்மா, கை வலிக்குதா?"

"இல்ல. கடல் பாக்கணும்."

நமச்சிவாயம் அகிலாவின் வீட்டை நினைத்துப் பார்த்தார். ஒன்பதாவது மாடி. கீழே இறங்கினால் திரும்ப எந்தக் கதவு என்று தெரியாது. அவருக்கு வேறொரு பாவு வேண்டும். தீராத பாவாக வேண்டும்.

அது எதிர்வீட்டிலிருந்து வந்தது. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தீபிகா தெருக்காரர்களைச் சேர்த்துப் பறவை பார்க்கும் குழு ஒன்று தொடங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தாமல் ஏரியில் கொக்கும் நாரையும் எண்ணுவார்கள். மற்ற நாளில் வீட்டுச் சுவரில் பானை கட்டிக் குருவிக்கு இடம் கொடுப்பார்கள்.

"சிட்டுக்குருவி வருஷத்துக்கு நாலு தடவைகூட முட்டை போடும் சார்," என்றாள் தீபிகா.

நாலு தடவை. நமச்சிவாயத்தின் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. குழுவின் விதிகளைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். சிட்டுக்குருவி வருஷத்துக்கு நாலு தடவை முட்டையிடும், கூடு உள்ள அறையில் ஃபேன் போடக் கூடாது, கூட்டுக்குப் பொறுப்பானவர் குஞ்சு பறக்கும்வரை வெளியூர் போகக் கூடாது.

"கடைசி விதி வேணுமா சார்?"

"அதுதாம்மா உயிர்."

முதல் கையெழுத்தை அவரே போட்டார். தெருவில் பதினாலு கதவுகளில் அந்தக் காகிதத்தை ஒட்டினார்.

பிறகு வெளிச்சுவரில் ஆறு பானை கட்டினார். கம்பு தெளித்தார். மண்தட்டில் தண்ணீர் வைத்தார். ஒரு பானையில் குளவி வந்தது. ஒன்றில் பல்லி குடியேறியது. கம்பைப் புறா தின்றது. கைபேசியில் குருவிச் சத்தத்தைப் போட்டுச் சுவரோரம் வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளின் பூனை வந்தது. ஒரு மணி கம்புகூடப் போடாத கோடி வீட்டுத் திருஞானசம்பந்தத்தின் மீட்டர் பெட்டியில் மட்டும் குருவி குடும்பம் நடத்தியது. உலகத்தில் நியாயம் என்று ஒன்று இல்லை என்பது நமச்சிவாயத்துக்கு அந்த வாரம் நிச்சயமாயிற்று.

தறியில் மூன்றாவது புடவை ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தவரை மெதுவாக நெய்தார். இழை அறாதபோதும் அறுந்ததாகத் தேடினார்.

"இன்னாங்க, வந்துச்சா?" என்று கேட்டாள் கலாவதி.

"வரும், வரும்."

"இன்னும் ரெண்டு முழந்தான் இருக்குது."

"குருவிக்கா?"

"புடவைக்கு."

புடவையை அறுத்த மறுநாள் காலை, வெறும் தறிக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே கீச்சென்று ஒரு குரல். காற்று வரும் சுவர்த் துவாரத்துக்குப் பக்கத்தில், உத்தரத்தில், ஒரு பானை தொங்கியது. பெண்குருவி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. இத்தனை நாள் வானத்தையெல்லாம் தேடியவர், குனிந்து நெய்கிற பழக்கத்தில், தன் தலைக்கு மேலே மட்டும் பார்க்கவில்லை. பெஞ்சு போட்டு ஏறிப் பார்த்தார். நாலு முட்டை. பானை எப்படி அங்கே வந்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

"கலா, முட்டை வெச்சிட்டுது. நான் எங்கயும் நகர முடியாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கறனே."

"ஆமாங்க. நீங்க போவக் கூடாது." கலாவதி அடுப்பை அணைத்தாள். "அந்தக் காகிதத்துல என் கையெழுத்து இல்ல பாருங்க."

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை விக்னேஷ் இறங்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அப்ப எனக்குச் சோறு?"

"குருவிக்கு வேளா வேளைக்குக் கம்பு வெச்சீங்களே. அதே கைதான."

அப்புறம் வெயில். வீட்டில் படுக்க இருந்தது அந்தத் தறி அறை ஒன்றுதான். விதிப்படி ஃபேன் போடக் கூடாது. நாற்பது வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு சத்தம்தான் இருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. தறி ஒன்று, அவள் ஒன்று. புதுப் பாவு சுருட்டியபடி மூலையில் கிடந்தது. பிணைக்கிற விரல்கள் கடற்கரையில் இருந்தன. மத்தியான வேளைகளில் அவர் மல்லாந்து கிடந்து பானையைப் பார்ப்பார். ஆண்குருவி வாயில் புழுவோடு வரும், போகும், வரும். அதற்கும் பேச நேரமில்லை.

கலாவதி படம் அனுப்பினாள். அந்தக் குடியிருப்பிலும் ஒரு குழுவாம். மணல்மேட்டில் மணலைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடி நடுகிறார்களாம். படத்தில் அவள் தலை நிமிர்ந்து, கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்து, கடல்மேல் பறக்கும் ஆலாப் பறவை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து அவ்வளவு நீளம் என்று அவர் அறிந்ததில்லை. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

குஞ்சுகள் பறந்தன. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் சார் என்றாள் தீபிகா. எட்டாம் நாள் பையில் இரண்டு வேட்டியை அடைத்துக்கொண்டு அவர் போன் போட்டார்.

"கலா, எல்லாம் பறந்துட்டுது. ஒன்பதாவது மாடியானாலும் பரவால்ல, நான் சாயங்காலம் அங்க வந்துடறேன்."

மறுமுனையில் அலைச் சத்தத்துக்கு நடுவே கலாவதி கேட்டாள்.

"பானைய எட்டிப் பாத்தீங்களா?"

"ஏன்?"

"பாருங்க. காலையில நீங்க குளிக்கப் போனப்ப தீபிகா பாத்துட்டு எனக்குச் சொல்லிச்சு."

பெஞ்சு போட்டு ஏறினார். புதிதாக மூன்று முட்டை. பெஞ்சில் நின்றபடியே போனில் கேட்டார்.

"கலா, இந்தப் பானைய உள்ள கட்டுனது யாரு?"

"மேக்கு வெயில் காயற செவுத்துல எந்தக் குருவிங்க வரும்? நான்தான் ஒண்ண அவுத்துக் கட்டுனேன். நீங்க கூடு கூடுன்னு தவிச்சிக்கினு இருந்தீங்களே."

"அப்ப நான் எப்பதாம்மா வரது?"

"வருஷத்துக்கு நாலுன்னு நீங்கதான எழுதி ஒட்டுனீங்க. ஒண்ணு ஆச்சு, மூணு பாக்கி இருக்குது. வெக்கையா இருக்குதுன்னு ஃபேன் போட்டுடாதீங்க."