கடல் காட்டப் போன பதினொரு யாத்திரிகர்

கொட்டாஞ்சேனை,
29 ஆகஸ்ட் 1997.

சமுத்திரத்துக்கு எல்லை வகுத்தவரும், கொழும்பில் அந்த எல்லைக்கு முள்ளுக்கம்பியும் அடிக்க இடங்கொடுத்தவருமாகிய சர்வேசுரனின் கிருபை உன்னோடு இருப்பதாக. இலண்டன் மாநகரில் மனைவி மக்களோடு வாழும் என் உடன்பிறந்தான் கிளெமென்றுக்கு, அண்ணன் சவுந்தரநாயகம் வரைவது. பொலிஸில் பதிந்து கொடுத்த பட்டியலின்படி இவ்வீட்டில் அறுவர் இருக்கிறோம், அறுவரும் சுகம். உங்கள் சுகத்தை நீ அனுப்பிய படத்தபாலட்டையிலேயே கண்ணாரக் கண்டோம்.

அட்டையில் தென்னை, நீலக்கடல், வெண்மணல், நடுவே அரைக்காற்சட்டையோடு நீ. ஏதோ ஒரு வெப்பத் தீவில் பிள்ளைகளோடும் மனைவியின் சுற்றத்தாரோடும் ஏழு நாள் இளைப்பாறியதாக எழுதியிருந்தாய். நன்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ‘நீங்கள் அப்பிடியொரு தீவிலேயே சும்மா இருக்கிற பாக்கியசாலிகள் அண்ணை, பேரப்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ’ என்று ஓர் உபதேசமும் சேர்த்திருந்தாய். அதை உன் அண்ணி புளோறன்ஸ் உரத்து வாசித்தாள். வாசிக்கும்போது ஜெனிற்றா பக்கத்தில் நின்றாள். எங்கள் துயரத்தின் ஆதியாகமம் இதுவே.

ஜெனிற்றாவுக்கு ஆறு வயது, கிளறன்சுக்கு நாலு. மகள் ஐறீன் பெற்ற இவ்விருவரும் துறைமுகத்துக்கு நடை தூரத்தில் பிறந்து, கப்பல் ஊதும் சத்தத்தில் உறங்கி எழும்புகிறவர்கள். ஆனால் இன்றுவரை கடலில் கால் வைத்ததில்லை. துறைமுகப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயம். காலிமுகத்திடலில் சனம் கூடும். சனம் கூடுமிடத்துக்குப் போகக்கூடாது என்பது ஐறீன் இயற்றிய சட்டம். ஒருமுறை வெள்ளவத்தையில் சம்பந்தியம்மா மாக்ரெட்டின் வீட்டுக்குப் போனபோது இரயில் பாதை வரை நடத்திக்கொண்டு போனேன். பாதையைக் கடந்தால் கடல். துவக்கோடு நின்ற ஆமிப் பொடியன் “எஹாட்ட யன்ன பே” என்று, அந்தப் பக்கம் போகமுடியாதெனச் சிங்களத்தில் சொல்லி, கையை விரித்து மறித்தான். பிள்ளைகள் அவனுடைய இரண்டு கால்களுக்கு நடுவே தெரிந்த அளவு சமுத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

உன் அட்டை வந்த அன்று ஜெனிற்றா கேட்டாள்: “அம்மப்பா, லண்டன் பிள்ளையள் பிளேனில வந்து தீவுக் கடலில குளிக்கினம். நாங்கள் தீவிலதானே இருக்கிறம். எங்களுக்கு ஏன் இல்லை?” முப்பத்திரண்டு ஆண்டு மாணவரின் வினாக்களுக்கு விடை சொன்னவன் நான். இதற்கு ஒரு விடைதான் இருந்தது. “போவம்” என்றேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு பீடத்தின்முன் கொடுத்த வாக்குக்குச் சமம் என்று ஞாயிறு மறைக்கல்வியில் நானே படிப்பித்தும் இருக்கிறேன். தப்ப வழியில்லை.

மருமகன் றொபேட் நீர்கொழும்பில் ஒரு சிறு விடுதியை மூன்று நாளைக்கு ஒழுங்கு செய்தார். கடலைப் பார்த்த அறைகள் என்றார்கள். பார்த்திருக்கும், நாங்கள்தான் அந்த அறைகளைப் பார்க்கவில்லை. வீட்டார் அறுவர் போவதாக இருந்த பயணத்தைச் சம்பந்தியம்மா கேள்விப்பட்டார். “தனியப் போகலாமோ மாஸ்டர், காலம் கெட்டுக் கிடக்குது” என்று சொல்லி, தம்முடைய மூன்று தங்கைமாரையும், மூத்த தங்கையின் கணவரையும், இரண்டு சோற்றுப் பானைகளையும், ஓர் இடியப்ப உரலையும் துணைக்குக் கொண்டுவந்து சேர்ந்தார். ஆக, பதினொரு பேர். இந்நாட்டில் பதினொரு தமிழர் ஒரே வான் வண்டியில் ஏறி, பானைகளோடு, “சும்மா கடல் பார்க்கப் போகிறோம்” என்று சோதனைச்சாவடியில் சொன்னால் எவன் நம்புவான்? நானே நம்பமாட்டேன்.

ஆகவே பங்குச் சுவாமியிடம் ஒரு கடிதம் வாங்கப் போனேன். கோயில் கந்தோர்க் கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “மாஸ்டர், உல்லாசத்துக்குச் சுவாமி கடிதம் குடுக்கிற வழக்கமில்லை. இருக்கிற போம் இதொண்டுதான்.” அந்தப் படிவம், கீழ்க்காணும் பெயருடையோர் எமது பங்கு மக்கள் என்றும், பக்தியோடு யாத்திரை போகிறார்கள் என்றும் சொல்லிற்று. எந்தத் திருத்தலம் என்ற வெற்றிடத்தில், நீர்கொழும்புக்கு அப்பால் கடலோரத்தில் இருக்கும் ஒரு மாதா கோயிலின் பெயரைக் கிளாக்கர் நிரப்பினார். “அதுவும் அந்த ரோட்டுத்தானே. ஆர் வந்து பாக்கப்போகினம்?” என்றார். தம்பி, ஒருவர் வந்து பார்த்தார்.

இரண்டு சாவடிகளைக் கடந்து மூன்றாவதில் எல்லாரையும் இறக்கினார்கள். றொபேட்டின் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார். அட்டையைப் பார்த்த சிப்பாய் அவரை மட்டும் மணல் மூட்டைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். ஐறீன் வானின் கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் சுவாமியின் கடிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டிக்கொண்டு ஓடினேன். அதை ஒரு சார்ஜன் வாங்கி வாசித்தார். முகம் மலர்ந்தது. “வந்தனாவேத யன்னே? மமத் கத்தோலிக்க!” என்று, யாத்திரை போகிற எங்களுக்குத் தாமும் கத்தோலிக்கர் என்று அறிவித்து, சட்டைக்குள்ளிருந்து செபமாலையை இழுத்துக் காட்டினார். றொபேட் திரும்பி வந்தார். நாங்கள் மூச்சு விட்டோம். விட்ட மூச்சு மறுபடி உள்ளே வருமுன், அந்த மாதா கோயில் இருப்பதுதான் தம்முடைய ஊர் என்றும், தமக்கு இன்று மத்தியானத்தோடு லீவு என்றும், வழியில் வேறெவரும் எங்களைத் தொந்தரவு செய்யாதபடி தாமே கொண்டுபோய் விடுவதாகவும் சொல்லி, றொபேட்டின் அடையாள அட்டையைப் பத்திரமாகத் தமது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறினார். அந்த அட்டை இல்லாமல் றொபேட் எங்கேயும் போகமுடியாது. றொபேட் இல்லாமல் நாங்கள் எங்கேயும் போகமுடியாது. விடுதியின் வாசலை வான் கடந்தது. “மாமா, அதுதான் எங்கட ஹோட்டல்” என்றார் றொபேட், இறந்தவரைச் சவக்காலையில் காட்டுவதுபோல.

பொய் சொன்னவனை அவன் சொன்ன பொய்யாலேயே தண்டிப்பது தேவநீதி. நாங்கள் மூன்று நாளும் உண்மையாகவே யாத்திரிகராக இருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து யாத்திரிகர் வந்திருக்கிறார்கள் என்று அவ்வூர்ச் சுவாமி மணியடித்து வரவேற்றார். மடத்தில் பாய் விரித்துத் தந்தார். நவநாளின் கடைசி மூன்று நாளும் நின்று போகவேண்டும் என்றார். சார்ஜன் அட்டையைத் திருப்பித் தந்தார், ஆனால் காலை மாலை இரு வேளையும் எங்களைப் பார்க்க வந்தார். நன்றி கெட்டு ஓடமுடியுமா? தமிழில் செபமாலை சொல்ல என்னைக் கேட்டார்கள். ஐம்பத்துமூன்று மணியோடு எழுந்திருக்கலாம். கோயில் நிறைந்த சனத்தைக் கண்டதும் நூற்றைம்பத்துமூன்றும் சொன்னேன். “உங்களுக்கு மைக் கிடைச்சால் மோட்சத்துக்கும் போகமாட்டியள்” என்று புளோறன்ஸ் காதுக்குள் சொன்னாள்.

கடலோ கோயில் மதிலுக்கு அப்பால் இரவும் பகலும் இரைந்தது. மதிலில் ஒரு படலை; படலையில் கடற்படைக் காவல்; பாஸ் உள்ள மீனவர் மட்டும் போகலாம். நெய்தல் நிலத்துக்கு உரிய பொருள் இரங்கல் என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட நாட்களில் அதைத் தலைவிக்குரிய துன்பம் என்று நினைத்திருந்தேன். பாட்டனுக்குரியது என்று இப்போது தெளிந்தேன். ஒவ்வொரு ‘ஆமென்’ முடிவிலும் ஜெனிற்றா என் சட்டையை இழுத்தாள். “அம்மப்பா, கடல் எப்ப?”

கிளறன்சின் சங்கதி வேறு. நீ அனுப்பிய காற்றடைத்த நீச்சல் வளையத்தைக் கொட்டாஞ்சேனையிலேயே இடுப்பில் மாட்டியவன், கழற்ற மறுத்துவிட்டான். அதோடு உண்டான், அதோடு முழந்தாளிட்டான், அதோடு திவ்விய நற்கருணை ஆசீர்வாதத்துக்கும் வந்தான். கிராமத்துப் பெண்ணொருத்தி, இது நேர்த்திக்கடனா என்று சம்பந்தியம்மாவைச் சிங்களத்தில் கேட்டிருக்கிறாள். அவருக்கு அந்தப் பாஷையில் தெரிந்ததெல்லாம் ‘ஓவ்’ என்று ஆமோதிப்பது மட்டுமே. “ஓவ், ஓவ்” என்றார். மறுநாள் காலைப் பூசைக்கு எட்டுப் பிள்ளைகள் லொறி ரியூப்புகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றார்கள். சுவாமி ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவர்கள்மேலும் தீர்த்தம் தெளித்தார்.

மூன்றாம் நாள் திருநாள். மாதாவின் சுரூபத்தைக் கரைக்கு எடுத்துப்போய் வள்ளங்களை ஆசீர்வதிப்பது அவ்வூர் வழமையாம். பாட்டும் வெடியுமாகப் படலை திறந்தது. கடற்படைக்காரன் தொப்பியைக் கழற்றினான். தம்பி, என் வாக்கு நிறைவேறும் வேளை வந்தது. பேரப்பிள்ளைகளை ஒவ்வொரு கையில் பிடித்துக்கொண்டு போய் நீரின் விளிம்பில் நிறுத்தினேன். அலை வந்து அவர்களுடைய பாதங்களை மூடிற்று.

“அம்மப்பா, இது ஆடுது. நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றாள் ஜெனிற்றா.

கிளறன்ஸ் ஒரு விரலை நனைத்து நக்கினான். “சீ, உப்பு. ஆரோ பழுதாக்கிப் போட்டினம்.”

இருவரும் திரும்பி, யாத்திரிகர் கால் கழுவும் குழாயடிக்கு ஓடினார்கள். பின்னேரம் முழுவதும் அந்த ஒற்றைக் குழாயைத் திறந்தும் பூட்டியும், லொறி ரியூப்புப் பிள்ளைகளோடு சேற்றில் புரண்டும் ஆனந்தித்தார்கள். அதே குழாய் எங்கள் வீட்டு முற்றத்திலும் இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு வானும், பானையும், ஒரு பொய்யும் தேவையில்லை. நானோ குடையோடு கரையில் நின்று, மனிதப் பிறவியின் நன்றியின்மையைத் தியானித்தேன்.

ஆகையால், தம்பி, எனக்கு இனி விடுமுறையைப் பற்றியோ தீவுகளைப் பற்றியோ எழுதவேண்டாம். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது ஞானிகளுக்கும் பிரமச்சாரிகளுக்கும் உகந்த காரியம். இந்தப் பிராயத்தில் எனக்குக் கடல் தேவையில்லை. நான் ஒருபோதும் அதை விரும்பியதுமில்லை. உன் மனையாளுக்கும் மக்களுக்கும் என் ஆசீர். உங்கள் குளிருக்கு மாதா தன் போர்வையை விரிப்பாளாக. அடுத்த அட்டையில் பனிக்கட்டியின் படம் அனுப்புவாயாக.

இங்ஙனம்,
உன் மூத்தோன்
சவுந்தரநாயகம்

பி.கு: உறையை ஒட்டுமுன் புளோறன்ஸ் வாங்கி வாசித்தாள். “எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள். கடைசியில வான்காரன் முக்கால் மணித்தியாலம் ஹோர்ன் அடிச்சது ஆருக்கெண்டு மட்டும் எழுதேல்லை. நீங்கள் எழுதுறியளோ, நான் எழுதட்டோ?” என்றாள். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பது கட்டளை. ஆதலால் நானே எழுதுகிறேன். கரையில் குடையோடு நின்றேன் என்பது முதல் ஐந்து நிமிடத்துக்கு உண்மை. பிள்ளைகள் குழாயடிக்குப் போனதும் செருப்பைக் கழற்றினேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினேன். அதற்குப் பிறகு வேட்டியைப் பற்றி எனக்கு நினைவில்லை. கடைசியாகக் கடலில் இறங்கி எத்தனை வருடம் என்று நெஞ்சளவு தண்ணீரில் நின்று எண்ணினேன்: பதினாலு. இருட்டத் தொடங்கியதும் ஜெனிற்றாவும் கிளறன்சும் கரைக்கு வந்து, “அம்மப்பா, காணும், குளிச்சது போதும், வாங்கோ! எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்!” என்று கத்தினார்கள்.

“காணாது” என்றேன்.