வாளியில் வந்த பங்காளிகள்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்கும் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். பாதியில் நிறுத்தாமல் படிக்கவும்.

ஆய்வுக்கூடத்தில் ஏசி பழுதானதால், என் மகள் தன் லான்ஸ்லெட் தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஏசி அறையில் வைத்தாள். நீங்கள் 'புழு ஆராய்ச்சி' என்று கேலி செய்வீர்களே, அதே கடல் உயிர்தான். இரண்டு பருவமாக முட்டையே இடவில்லை. இந்த முறையும் இடாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடச் சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர். "தொட்டியைத் தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியூர்க் கூட்டத்துக்குப் போனாள். நானும் தொடவில்லை, எட்டித்தான் பார்த்தேன். மணலும் உப்புத் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை. கிடங்கில் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, காலித் தொட்டியைக் கழுவி வைப்போமே என்று எல்லாத்தையும் வாளியில கவிழ்த்தேன். மணலுக்குள்ளேயிருந்து விரல் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டு மாதிரி என்னமோ நெளிஞ்சுது. எனக்கு உசுரே போயிடுச்சு. திருப்பிக் கொட்டினா நசுங்கிடுமோன்னு பயந்து, வாளியை அப்படியே அடுப்பங்கரை மூலையில ஒளிச்சு வெச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு வந்தவ, "தொட்டியில இருந்ததெல்லாம் எங்கப்பா?"ன்னு கேட்டா.

"அடுப்பங்கரையில."

அவ முகம் போன போக்கைப் பார்த்து, "சமைக்கலம்மா"ன்னேன்.

வாளித் தண்ணியில ஒரு சொட்டு எடுத்து, தொட்டியோட கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்புல வெச்சா. குனிஞ்சு பார்த்தா. அப்புறம், "முட்டை இட்டிருக்குப்பா. அடுப்பங்கரைச் சூடு பட்டதுல இட்டிருக்கு. கருவும் வளருது"ன்னு சொல்லி என் தோள்ல சாஞ்சு அழுதா. என்னையும் பார்க்கச் சொன்னா. "நடுவுல ஒரு கோடு தெரியுதா? அதுதான் முதுகுநாண். அம்மா வயித்துல நாமளும் இப்படி ஒரு நாணோடதான் ஆரம்பிக்கிறோம். அப்புறம் நமக்கு அந்த இடத்துல முதுகெலும்பு வந்துடுது, இதுக்குக் கடைசி வரைக்கும் நாண்தான்."

"அப்போ இதுதான் நம்ம பாட்டனா?"

"பாட்டன் இல்லப்பா, பங்காளி. பாட்டன் போய்ச் சேர்ந்து பல கோடி வருஷமாச்சு. அவர் எப்படி இருந்திருப்பார்னு பங்காளியோட சாடையை வெச்சுத்தான் ஊகிக்கணும்."

மண்டையோடு இல்ல, தாடையும் இல்ல அத்தான். வாயைக் கொடுத்துச் சண்டை வளர்க்காத பங்காளியை இப்பத்தான் பார்க்கிறேன்.

ஆராய்ச்சி தொடரலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மகள் பாடிக்கொண்டே வளைய வருகிறாள். நானோ, இனி எந்தத் தொட்டிப் பக்கமும் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முதுகுவலி சீக்கிரம் தீரட்டும்; எலும்போடு பிறந்தவர்கள் வாங்கி வந்த வரம் அது.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

பி.கு.: சபதம் செல்லாது. பேராசிரியர் இப்போதுதான் போன் செய்தார். இன்னும் முட்டை வேண்டுமாம். என்ன செய்தேனோ அதை அப்படியே மறுபடி செய்ய நாளைக்கு ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்கிறார். நல்ல சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.