சுக்கான் காக்கா கைவைத்த மொரிஸ் மைனர்

நிலத்தில் ஓடும் எதையும் சுக்கான் காக்கா தன் வாழ்நாளில் நம்பியதில்லை. நிலத்தையே அவர் அரைமனதோடுதான் ஏற்றுக்கொண்டிருந்தார் என்றாலும் பொய்யில்லை. கடலிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில், எங்கள் வீட்டுக்கு எதிரே, மனைவியின் சீதன வீட்டில் குடியிருந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்த மாட்டார். முன் சில்லை முருங்கை மரத்திலும் பின் சில்லை வேலிக் கட்டையிலும் நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார், விட்டால் அலையோடு போய்விடும் என்பதுபோல. ஓட்டோவில் ஏறினால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கவுண்டா நீந்த வேணுமே, டீச்சர்" என்றார். அப்போது அந்த ஓட்டோ கல்முனைச் சந்தைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

படகு எஞ்சின் திருத்துவது அவர் தொழில். படகைத் திருப்பும் சுக்கானோடு, அண்ணன் என்று சொல்லும் காக்காவையும் சேர்த்து ஊர் கூப்பிட்டது; பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. வலது, இடது என்ற சொற்கள் அவரிடம் கிடையாது. கடல் பக்கம், வயல் பக்கம், அவ்வளவுதான். அவரிடம் வழி கேட்ட வெளியூர்க்காரர்கள் கடற்கரையில் நின்று எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு காரை யாராவது ஒப்படைப்பார்களா? நான் ஒப்படைத்தேன். பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியை, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் எங்கும் சொல்லிக்கொள்வேன், வெட்கப்பட மாட்டேன். வாப்பா வயல் செய்கிறவர். அவருக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியதே நான்தான். எனக்கு நியமனம் கிடைத்தது சாகாமத்தில். இரண்டு பஸ், பிறகு ஓர் ஓட்டோ. நான் போய்ச் சேரும்போது பெரும்பாலும் அதிபர் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு போட்டு முடித்திருப்பார். பிந்தி வரும் பிள்ளைகளை ஏசும் தகுதியை இழந்த ஆசிரியையாக இருப்பது எப்படியென்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே கல்முனையில் ஓய்வுபெற்ற ஒரு கிறிஸ்தவ ஆசிரியையிடமிருந்து, அவர் துணி போர்த்தி வைத்திருந்த கரும்பச்சை மொரிஸ் மைனரை வாங்கினேன். எங்கள் உம்மாவைவிட அதற்கு வயது அதிகம். வாங்கிய அன்று வாப்பா பள்ளிவாசலில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், இனி மகள் தானே கார் ஓட்டிக்கொண்டு படிப்பிக்கப் போவாள் என்று.

காருக்கு உடம்பு அழகு. மூச்சுத்தான் இல்லை. நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர்கள் என்னை முந்தின. வளைவுகளில் கட்டில் ஆடுவதுபோல ஆடியது. சாகாமம் வீதியில் சைக்கிளில் வரும் என் மாணவர்கள் என்னை முந்த முடிந்தும் மரியாதைக்காக முந்தாமல், பின்னால் வரிசையாக வந்தார்கள். கந்தூரி ஊர்வலம்போல நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் பாடசாலைக்குப் பிந்திப் போனோம்.

எஞ்சினைப் பலப்படுத்த வேண்டும், ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு கராஜுக்குப் போனேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்கள் வாப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். வாப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் கேட்டார்.

அன்று பின்னேரம் சுக்கான் காக்கா எங்கள் கேற்றடியில் நின்றார். காரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "டீச்சர், இது உங்களுக்கு எப்பிடி ஓட வேணும்? அதச் சொல்லுங்க, மத்தத நான் பாக்கன்." அந்த ஒரு கேள்வியில் மயங்கிக் கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டேன். படித்த பெண் ஏமாறுவதற்கு இவ்வளவுதான் தேவை.

ஒரு கிழமையில் முடியும் என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கூப்பிட்டுக் காட்டினார். பாறையில் மோதி உடைந்த ஓர் ஆழ்கடல் படகின் டீசல் எஞ்சின் என் காருக்குள் உட்கார்ந்திருந்தது. காரின் முன் மூடி பூட்டுப்படவில்லை. எஞ்சினின் பாரத்தில் காரின் மூக்கு நிலத்தை மோந்துகொண்டிருந்தது. முன் விளக்கைப் போட்டால் எறும்புகளுக்கு மட்டும் வழி தெரிந்தது. மூக்கைத் தூக்குவதற்காகப் பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்.

"நாள் கணக்கா நிக்காம ஓடின எஞ்சின் டீச்சர். சாகாமம் என்ன, இது சிங்கப்பூருக்கும் போகும்."

ஸ்டார்ட் செய்தார். ஒழுங்கையே அதிர்ந்தது. சற்று நேரத்தில் இரண்டு பக்கமிருந்தும் பெண்கள் பையும் பேசினுமாக ஓடி வந்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் படகு வந்துவிட்டது என்று அர்த்தம். மூலை வீட்டு மாமி காரைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "கீரியா, சூடையா?" என்று கேட்டார். மீன் இல்லை என்று நான் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லை. நல்ல மீனை யாருக்கோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று இன்றுவரை மனத்தாங்கல்.

எனக்கு அழுகை வந்தது. சுக்கான் காக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, சத்தம் அப்பிடி அசல்" என்றார்.

இதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைத் திருத்தத் தொடங்கினார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் இருந்து வந்தவர், நிந்தவூர்ப் பக்கம் ஒரு திருப்பத்தில் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பெரிய குறையைக் கண்டுபிடித்துவிட்டார். படகு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் சாயும். இந்தக் கார் திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இத்தனை வருடமும் உலகத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை என்பதில் அவருக்கு ஆச்சரியம்.

நான் விஞ்ஞான ஆசிரியை அல்லவா? வீதி ஓரத்து மணலில் குச்சியால் படம் கீறினேன். விசை எந்தத் திசையில், பாரம் எந்தத் திசையில், கார் ஏன் வெளிப்பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும் என்று பத்தாம் வகுப்புக்குச் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னேன். கடைசிவரை கவனமாகக் கேட்டார்.

"இப்பதான் வெளங்குது டீச்சர். இந்தக் கார செஞ்சவனும் இதத்தான் படிச்சிரிக்கான். அதான் பிழச்சிரிக்கி."

பிழையைத் திருத்தினார். காரின் கடல் பக்கத்துக்கு, அதாவது இடப்பக்கத்துக்கு, டிரக்டர் பெட்டியின் தடித்த வில்தகடுகளைப் போட்டு உயர்த்தினார். இப்போது கார் நிரந்தரமாக வயல் பக்கம் சாய்ந்து நின்றது. பிரதான வீதியிலிருந்து சாகாமத்துக்குத் திரும்புவது வயல் பக்கம்தான், ஆகவே அந்தத் திருப்பத்தில் உள்ளே சாயுமாம். திரும்பி வரும்போது என்ன செய்வது என்று கேட்டேன்.

"சிவப்புக் கோடு போகக்குள்ளதானே டீச்சர். வரக்குள்ள என்ன அவசரம்? மெல்லமா வாங்க."

பிரேக்கைப் பற்றியும் கேட்டேன். புது எஞ்சினின் பாரத்தைப் பழைய பிரேக்கால் பிடிக்க முடியவில்லை. இந்தப் பேச்சில் மட்டும் அவருக்கு அக்கறையே இல்லை. படகில் பிரேக் உண்டா? எஞ்சினைக் குறைத்தால் தானாக நிற்கும். எங்கே நிற்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும், அது ஓட்டுகிறவரின் பொறுப்பு. அன்று இரவு நான் உம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது.

பள்ளிவாசலில் வாப்பாவின் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. மகளின் கார் எப்போது கடலில் இறங்குகிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய கார் சேர்க்கும் ஒருவர் கொழும்பிலிருந்து வாப்பாவுக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"மகள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தி ஒருக்கா என்ன ஏத்திட்டுச் சாகாமம் போய் வாங்க. ஓடினா உங்கட கார். ஏலாட்டி வித்துருவம்."

நியாயமான பேச்சு. விற்றால் இன்னொரு கார் வாங்க எனக்கு எத்தனை வருடம் ஆகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதுவரை இரண்டு பஸ், ஓர் ஓட்டோ, சிவப்புக் கோடு.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். கார் நேராக நிற்பதற்கு இடப்பக்கம் பாரம் வேண்டும் என்று வாப்பாவை அங்கே இருத்தினார் சுக்கான் காக்கா. வாப்பா ஒல்லி. ஆகவே அவர் மடியில் ஒரு மணல் மூட்டையையும் தூக்கி வைத்துவிட்டு, தான் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, குழந்தையை வைத்திருப்பதுபோல மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி வாப்பா வந்தார். அக்கரைப்பற்று வரை கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சாகாமத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. திருப்பினேன். கார் உள்ளே சாய்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவு சுகமாக அது ஒருநாளும் திரும்பியதில்லை. பின் சீட்டில் "மாஷா அல்லாஹ்" என்றார் சுக்கான் காக்கா. வாப்பாகூட என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அறுவடைக் காலம். பாதி வீதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் இரண்டு மாடுகள் நின்றன. பிரேக்கை மிதித்தேன். பிரேக் யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டது.

"வயல் பக்கம் ஒடிங்க டீச்சர், கர ஏத்துங்க" என்றது பின்னாலிருந்து குரல்.

வலப்பக்கம் ஒடித்தேன். படகைக் கரைமணலில் ஏற்றுவதுபோல நெல்லுக்குள் ஏற்றினேன். தாழ்ந்த மூக்கு நெல்லை வாரிக் குவிக்க, கார் கழுத்தளவு நெல்லோடு மெத்தென்று நின்றது. மாடுகள் திரும்பியும் பார்க்கவில்லை. நெல்லுக்குரியவர், திருக்கோவில் பக்கத்து மனிதர், மர நிழலிலிருந்து ஆற அமர எழும்பி வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நெல்லுக் காயப்போட்டா மாடு தின்னும், குருவி தின்னும். கார் தின்னுறத இண்டைக்குத்தான் பாக்கன்."

வாப்பா மடியிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சிதறிய நெல்லையெல்லாம் காலால் கூட்டி, அந்த மனிதருக்குப் பழையபடி பரப்பிக் கொடுத்தார். கார் டிரக்டரில் கட்டுப்பட்டு வந்தது. நாங்கள் பஸ்ஸில் வந்தோம். வீட்டு வாசலில் வாப்பா சாரத்திலிருந்த நெல்மணிகளை உதறினார். கொழும்புக்காரரை வரச் சொல்லப்போவதாகச் சொன்னார். நான் சரி என்றேன்.

அவர் வரும் நாளில் சுக்கான் காக்கா அந்தப் பக்கம் வரக்கூடாது என்று வாப்பா அவருடைய மனைவியிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் சுக்கான் காக்கா அயன் பண்ணிய சேர்ட்டோடு, தலைக்கு எண்ணெய் வைத்து, எல்லோருக்கும் முதலில் வந்து நின்றார். தான் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் ஒளிக்காமல் விளக்கினார். மணல் எந்தக் கடற்கரையில் எடுத்தது என்பதைக்கூட விடவில்லை.

கொழும்புக்காரர் போனை எடுத்து எஞ்சினைப் படம் பிடித்தார். பிறகு இன்னும் கிட்டப் போய்ப் பிடித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கார்ட வெளிப் பொடி நல்லா ஈக்குது, நான் எடுக்கிறேன். உள்ளுக்கு ஈக்கிற கோமாளித்தனத்த எல்லாம் கழட்டிக் குப்பேல போட்டாச் சரி."

சுக்கான் காக்காவுக்குக் கோபம் வரவில்லை. மூடியில் இருந்த எண்ணெய்க் கறையை அயன் பண்ணிய சேர்ட்டின் நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். "டீச்சர் நேரத்துக்குப் போக வேணும் எண்டுதான் செஞ்ச" என்றார், யாரையும் பார்க்காமல்.

கொழும்புக்காரர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இரண்டு மாதமாக ஒவ்வோர் இரவும் அதைவிட மோசமாக நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அது என் காதில் விழுந்த விதம் வேறு.

"வாப்பா, விக்கல்ல" என்றேன்.

"மெய்யாவா மகள்? யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஓம் வாப்பா."

வாப்பா என்னையும் பார்த்தார், காரையும் பார்த்தார். பிறகு கொழும்புக்காரரை உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

யோசித்துச் சொன்னேன் என்று வாப்பாவிடம் சொன்னது பொய். பெருநாள் வந்து போய்விட்டது. கார் எங்கள் முற்றத்தில் சாய்ந்து நிற்கிறது. நான் இன்னும் இரண்டு பஸ்ஸிலும் ஓர் ஓட்டோவிலும்தான் போகிறேன், அதிபரின் சிவப்புப் பேனை எனக்காகவே மை நிரப்பப்படுகிறது. இந்தக் கார் இனியொருமுறை சாகாமத்தைப் பார்க்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டுச் சுக்கான் காக்கா வருவார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, அடுத்ததாக என்ன செய்யப்போகிறார் என்பதைச் சொல்லுவார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். நான் படியில் இருந்து ஒவ்வொன்றையும் மறுத்துக்கொண்டிருப்பேன். தேத்தண்ணி ஆறிப்போகும், மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை இப்படியே போகும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யார் எங்கே கூப்பிட்டாலும் நான் போவதில்லை.