அப்புத்துரை வீடு மீட்டது

"ஒரு தேங்காய் ரெண்டு நாளைக்குக் காணும்," என்று குசினி வாசலில் நின்று அறிவித்தார் அப்புத்துரை.

திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்சாதி பரிமளம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சம்பலுக்கோ, சொதிக்கோ?"

"ரெண்டுக்கும்."

"அப்ப புட்டுக்கு?"

"புட்டுக்குத் தேங்காய் போடவேணுமெண்டு எந்தப் புத்தகத்திலை எழுதிக் கிடக்கு?"

எந்தப் புத்தகத்திலும் எழுதிக் கிடக்கவில்லைதான். புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கிளாக்கர் வேலை பார்ப்பவர் என்பதால், எழுதிக் கிடக்காத எதையும் அப்புத்துரை ஏற்றுக்கொள்வதில்லை.

"இன்னொண்டு. இந்த மாசத்திலையிருந்து குசினிக் காசு நானூறு இல்லை. முந்நூறு."

"சரி," என்றாள் பரிமளம்.

சண்டைக்கென்று வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியெல்லாம் சைக்கிளில் சொல்லிப் பழகிய நாலைந்து வசனங்கள் வீணாய்ப் போயின.

விஷயம் இதுதான். வீடு ஈட்டில், கடனுக்கு அடமானமாக, இருந்தது. சொந்தக்காரன் ஒருத்தன் மினிபஸ் விடப்போகிறான் என்று கேள்விப்பட்டு, ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கிக் கொடுத்து அதில் பங்காளி ஆனார் அப்புத்துரை. மினிபஸ் ஓடத்தான் ஓடியது. சொந்தக்காரனையும் ஏற்றிக்கொண்டு வவுனியாப் பக்கம் ஓடியது. அதன்பிறகு இரண்டையும் கண்டவர் இல்லை. கடன் தந்தவர் ஊரின் மற்றத் தொங்கலில் இருக்கும் ஆழ்வாப்பிள்ளையர். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, இரண்டு வருஷத் தவணை. ஈடு வைத்தது பரிமளத்தின் சீதன வீட்டை. சீதன வீடென்றால் பெண்சாதியும் கையெழுத்து வைக்கவேண்டும். பத்திரம் எழுதிய நொத்தாரிசு விரலால் காட்டிய இடத்தில் அதையும் ஒரு "சரி"யோடு வைத்துவிட்டாள்.

கடனுக்குப் போகமுதல் அவர் அவளிடமும் கேட்காமல் விடவில்லை.

"உம்மட்டை ஏதும் கிடக்கோ?"

"என்னட்டை என்ன கிடக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. தாலிக்கு அடுத்தபடியாக அவளிடம் இருந்த காப்புச் சோடி ஒரு சுருட்டு வியாபாரத்தில் போயிருந்தது. அட்டியல் ஒரு கோழிப்பண்ணையில் போயிருந்தது. ஜேர்மனிக்குப் போன அவள் தம்பி முதன்முதல் அனுப்பிய காசு, கோழிகள் செத்த கடனில் போயிருந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் கடன் என்ன, கணக்கு என்ன என்பது அப்புத்துரையின் கொள்கை. பிறத்தியான் காசு மட்டும் அப்படியல்ல. அதை ஒரு சதம் பிசகாமல் கட்டுகிற மானஸ்தன் என்று ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது.

அந்தப் பெயருக்கு இப்போது ஆபத்து. தவணை தப்பினால் வீடு ஆழ்வாப்பிள்ளையருக்குப் போய்விடும். மாமனார் தந்த வீட்டைத் தொலைத்தவர் என்று ஊர் சொல்லும். உள்ளுக்குள் அவருக்கு நல்ல பயம். பயந்தவர் வேறு என்ன செய்வார், குசினியில் அதிகாரம் பண்ணினார். வட்டியோடு மாதாமாதம் முதலிலும் கூட்டிக் கட்டி, ஒரு வருஷத்துக்குள் ஈட்டை மீட்டுவிடுவதென்று தீர்மானித்தார். சுருட்டை விட்டார். பேப்பர் வாங்குவதை விட்டார்.

முந்நூறு ரூபாய்க் குசினி அதிசயமாக நடந்தது. எண்பத்திநாலாம் ஆண்டு. நேவிக்காரன் கடலுக்குள் போகவிடாமல் மீன் விலை ஏறிக் கிடந்த காலம். அப்படியிருந்தும், நானூறு ரூபாய்க் காலத்தில் மலிவான சூடைமீன் கிடந்த சட்டியில் இப்போது விலை கூடிய விளைமீன் கிடந்தது.

"என்னப்பா, விளைமீனோ?"

"மலிவா வந்தது."

அப்புத்துரை சோற்றைக் குழைத்துக்கொண்டே சிந்தித்தார். இவ்வளவு காலமும் நிருவாகம் இல்லாமல்தான் இந்தக் குசினி நடந்திருக்கிறது என்பது விளங்கியது. அடுத்த மாதம் இருநூற்றைம்பது ஆக்கினார். கணவாய் வந்தது. இருநூறு ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை இறால் பொரியல் வந்தது.

"மனிசியிட்டைக் குடுக்கிற காசைக் குறையும் மாஸ்டர்," என்று பள்ளிக்கூடத்தில் முருகேசு வாத்தியாருக்குப் புத்தி சொன்னார். "காசு குறையக் குறையக் கறி கூடும். நான் கண்ட உண்மை."

முருகேசு வாத்தியார் கணக்குப் படிப்பிப்பவர். கணக்குப் பிழைக்கிறதே என்று யோசித்தாலும், இறால் என்ற சொல் அவரை மயக்கிவிட்டது. மூன்றாம் நாள் நெற்றியில் ஒரு புடைப்போடு வந்தார்.

"என்ன மாஸ்டர் நெத்தியிலை?"

"அகப்பை," என்றார் முருகேசு. "உம்மட மனிசி மனிசியில்லை அப்புத்துரையர், தெய்வம்."

"எல்லாம் நாங்கள் நடத்திற விதத்திலை கிடக்கு," என்றார் அப்புத்துரை அடக்கமாக.

செலவைச் சுருக்கிய கை இனி வருமானத்தைப் பெருக்கப் புறப்பட்டது. குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவு மனுவேல் ஒரு ஆட்டோடு நின்றார்.

"நாளுக்கு ஒரு போத்தல் பால், ஐயா. தீன் செலவே இல்லை. கிடைச்சதைத் தின்னும்."

அந்த மாதம் கடன் முதலுக்குக் கட்ட வைத்திருந்த முந்நூற்றைம்பது ரூபாய் மனுவேலின் மடிக்குப் போனது. முதல் நாள் ஆடு அரைப் போத்தல் பால் தந்தது. அடுத்த நாள் மத்தியானம் பக்கத்து வளவுச் சிவக்கொழுந்தின் குரல் கேட்டது. அந்தக் குரல் கேட்டால் நாலு வீட்டில் வேலை நின்றுவிடும்.

"அப்புத்துரையர்! நான் கிணத்தடியிலை முழுகிக்கொண்டு நிக்கிறன், வேலியைக் காணேல்லை!"

வேலி ஆட்டின் வயிற்றில் இருந்தது. இரண்டு நாளில் பன்னிரண்டு முழம் ஓலை வேலியை அது உச்சியில் கொஞ்சம் மிச்சம் விட்டுத் தின்றிருந்தது. மிச்சம் விட்டதும் எட்டாத காரணத்தால்தான். அப்புத்துரை ஆட்டை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினார்.

மனுவேல் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எங்கடை ஊரிலை ஒருநாளும் வேலி தின்னேல்லையே!"

"உங்கடை ஊரிலை வேலி கல்லெல்லே!"

"அதுதானே ஐயா. நீங்கள் இஞ்சை ஓலையாலை அடைச்சு வைச்சிருக்கிறியள். பாவம் அது, தீனை நிமித்தி வைச்சிருக்கினம் எண்டு நினைச்சிருக்கும்."

ஆடு இருநூறு ரூபாய்க்குத் திரும்பிப் போனது. வேலி அடைக்க நூற்றெண்பது போனது. சிவக்கொழுந்துக்குப் போன மானத்துக்கு விலை கேட்காதது அவளுடைய பெருந்தன்மை. அதற்குப் பதிலாக ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தாள்.

வேறு வழியில்லாமல் அப்புத்துரை ஆழ்வாப்பிள்ளையரிடம் போனார்.

"அண்ணை, வட்டியைக் கொஞ்சம் குறைக்க ஏலாதோ? நூற்றுக்கு ஒண்டரை எண்டால் பெரிய உதவி."

ஆழ்வாப்பிள்ளையர் தாடையைச் சொறிந்தார். "நாளைக்கு வாரும் தம்பி. சொல்லுறன்."

மறுநாள் போனார்.

"கேட்டுப் பாத்தனான். ஏலாதாம்."

"ஆரைக் கேட்டனியள்?"

ஆழ்வாப்பிள்ளையருக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "மனச்சாட்சியை," என்றார்.

ஆழ்வாப்பிள்ளையருக்கு அப்படியொன்று இருப்பதாக ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கடன் தந்தவரின் மனச்சாட்சியோடு வாதாட ஏலுமா? அப்புத்துரை முழு வட்டியையும் எண்ணி வைத்துவிட்டு வந்தார்.

ஆட்டில் விட்டதைச் சர்பத்தில் பிடிக்கலாம் என்ற யோசனை ஆனி மாதம் வந்தது. நயினாதீவு அம்மாள் திருவிழா. தேரன்று ஆயிரக்கணக்கான சனம் குறிகட்டுவானில் வெயிலுக்குள் நின்று தீவுக்குப் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருக்கும். ஒரு கிளாஸ் ஐம்பது சதம். யாழ்ப்பாணத்திலிருந்து மரத்தூளுக்குள் புதைத்த ஐஸ்கட்டி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. துறையடியில் நாலு தடி நட்டு, மேலே வெள்ளை வேட்டி கட்டி, தோரணத்துக்கு இரண்டு தென்னோலையும் தொங்கவிட்டு, கிடாரம் நிறையச் சர்பத்தோடு அப்புத்துரை நின்றார். தோரணம் கட்டியதுதான் அவர் விட்ட பிழை.

முதலில் ஊர்காவற்றுறையிலிருந்து வந்த ஒரு மனுஷி. ஒரே மூச்சில் குடித்தாள். அப்புத்துரை "ஐம்பது" என்று தொடங்கினார்.

"ஐம்பது வருஷத்துக்கு நல்லா இருப்பாய் மோனை," என்று அவர் தலையில் கையை வைத்துவிட்டு அவள் லோஞ்சுக்குப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவர் இரண்டு கிளாஸ் குடித்தார். "என்ன குறைக்குத் தம்பி இந்தத் தண்ணிப்பந்தல், அம்மாளுக்கு நேத்திக்கடனோ?"

"வீடு ஈட்டிலை கிடக்கு," என்றார் அப்புத்துரை. அது ஒன்றுதான் அந்த நேரம் அவர் நினைவில் இருந்தது.

"அப்ப பயப்பிடாதையும். இவ்வளவு சனத்துக்குத் தாகசாந்தி செய்யிறீர், அம்மாள் வீட்டை மீட்டுத் தருவா." அவர் திரும்பிச் சனத்தைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் வந்து குடியுங்கோ! நேத்திக்காரர் ஊத்துறார்!"

சனம் வந்தது. அந்தச் சனத்துக்குள் பள்ளிக்கூடத்து அதிபரும் குடும்பத்தோடு நின்றார்.

"அப்புத்துரை, உமக்குள்ளை இப்பிடியொரு மனிசன் இருக்கிறது எங்களுக்குத் தெரியாமல் போச்சே!"

அதற்குப் பிறகு அதிபரிடம் ஐம்பது சதம் கேட்பவன் பள்ளிக்கூடத்தில் கிளாக்கராக இருக்கமுடியாது. பன்னிரண்டு மணிக்குக் கிடாரம் காலி. செலவு இருநூற்றிருபது ரூபாய். வரவு, ஒரு குழந்தை தவறவிட்ட பத்துச் சதம். போகிற போக்கில் ஒரு பெரியவர் நினைவூட்டினார்: "நேத்தியை ஒரு வருஷத்தோடை விடக்கூடாது தம்பி. வருஷா வருஷம் செய்யவேணும். இல்லாட்டி அம்மாள் கோவிப்பா."

வீட்டில் பரிமளம் விஷயத்தைக் கேட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லதுதானே, புண்ணியம்," என்று சொல்லிவிட்டு, ஆட்டிறைச்சிக் கறியை அவர் கோப்பையில் போட்டாள். அந்த மாதம் குசினிக் காசு நூற்றைம்பது.

வருமானத்தைப் பெருக்கும் ஆசை அதோடு அப்புத்துரைக்கு விட்டுப்போனது. பிறகு ஆறு மாதமும் சுருக்குவது ஒன்றைத்தான் செய்தார். லாம்பை ஏழு மணிக்கு அணைத்தார். செருப்பைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் போட்டார். கலியாண வீடுகளுக்கு மொய் எழுதாமல் ஆசீர்வாதம் மட்டும் கொண்டுபோனார். அவரைக் கண்டால் ஆட்கள் வேறு ஒழுங்கையால் திரும்பினார்கள். ஆனால் கடன் கரைந்தது. சம்பள நாளன்று பின்னேரமே ஆழ்வாப்பிள்ளையரின் கையில் காசு போய்விடும்.

தை பிறக்க எழுநூறு ரூபாய் மிச்சம் இருந்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அப்புத்துரை தன் ரலி சைக்கிளை முருகேசு வாத்தியாருக்கு விற்றார். பதினாறு வருஷம் பிள்ளை மாதிரித் துடைத்து வைத்திருந்த சைக்கிள். வாத்தியார் அதில் ஏறிப் போவதைப் பார்க்க மனமில்லாமல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது உண்மை.

"சைக்கிள் எங்கை?" என்று கேட்டாள் பரிமளம்.

"நடந்தால் உடம்புக்கு நல்லது."

என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தேநீர் வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, காசை மடியில் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றில் இரண்டு மைல் நடந்தார் அப்புத்துரை. பரிமளத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய் வீட்டு உறுதிப் பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, "இந்தாரும், உம்மட வீடு," என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்தைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளிடம் வாங்கியதை ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. இதையாவது கொடுக்கப்போகிறோம் என்று நினைக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆழ்வாப்பிள்ளையர் வீட்டில் இல்லை. அவருடைய பெண்சாதி இராசேஸ்வரி முற்றத்தில் ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்புத்துரை வருகிற வேளைகளில் எல்லாம் உள்ளே நிற்கும் மனுஷி. அவளோடு நாலு வார்த்தை பேசியது கிடையாது.

"அவர் யாழ்ப்பாணம் போட்டார் தம்பி. என்ன அலுவல்?"

"கடைசிக் காசு, அக்கா." மடியை அவிழ்த்துக் காசை நீட்டினார். "முதலும் வட்டியும் இதோடை சரி. வீடு மீண்டுது. உறுதியை எடுத்துத் தந்தியளெண்டால் கொண்டு போயிடுவன்."

இராசேஸ்வரி காசைப் பார்த்தாள். வியர்த்து விறுவிறுத்து நின்ற அவரையும் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"இதுக்கே இவ்வளவு தூரம் நடந்து வந்தனீங்கள்?" என்றாள் இரக்கத்தோடு. "மாசாமாசம் நீங்கள் தாறதை, அடுத்தநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போனாப்போலை அவர்தானே கொண்டுபோய்ப் பரிமளத்தின்ரை கையிலை குடுக்கிறவர், கடனாத் தந்த காசும் அவவின்ரை, உறுதியும் அவவிட்டைத்தான் கிடக்கு, நீங்கள் வீட்டைதானே போறியள், கையோடை குடுத்துவிடுங்கோவன் தம்பி, அவருக்கும் ஒரு நடை மிச்சம்."