ஒன்பதாம் படையணிக்குக் கண்வலி

பிரிட்டனில் ரோமானியர் கட்டிய எபோராக்கம் கோட்டையிலிருந்து வடக்கே போன ஒன்பதாம் படையணி ஓராண்டாகியும் திரும்பவில்லை. ஐயாயிரம் பேர் காணாமல்போனால் எழுத வேண்டிய படிவம் அலுவலகத்தில் இல்லை. ஆகவே அவர்கள் காணாமல்போகவில்லை என்று முறைப்படி முடிவாயிற்று.

அதற்கு உயிருள்ள சான்று விபியுஸ். கண்வலி வந்து மருத்துவக் கொட்டகையில் விடப்பட்ட ஒரே சிப்பாய். அவருடைய இருபத்தைந்து ஆண்டுச் சேவை முடிந்துவிட்டது. ஓய்வு கொடுத்தால்தான் கோட்டை வாசலில் பீர் காய்ச்சும் செனோவாராவைக் கட்டிக்கொள்ள முடியும்; சேவையில் இருக்கும் சிப்பாய்க்குக் கல்யாணம் கிடையாது. அவள் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தாள், பாவம்.

ஓய்வு கேட்டுப் பதிவேட்டு அதிகாரி கால்வுஸிடம் பதினோராவது முறையாகப் போனார் விபியுஸ்.

"ஐயா, என்னை விட்டுருங்க."

"யோவ், உன்னை விட்டா படையணில மிச்சம் யாரு?"

"யாருமில்லீங்க."

"அப்ப படையணியவே காணோம்னு ரோமுக்கு நான் எழுதணும். என் வேலை போயிரும். இப்ப பாரு, 'படையணி கோட்டையில் உள்ளது. சில கண்களில் வலி.' எவ்வளவு அழகா இருக்கு!"

"நான் ஒருத்தன்தானேய்யா?"

"ரெண்டு கண்ணும்தானே வலிச்சுது?"

தினமும் காலையில் படையணியின் பத்துப் பிரிவுகளுக்கும் வருகைப் பதிவு. விபியுஸ் பத்து இடத்துக்கும் ஓடி ஓடி "இருக்கேன்" என்றார். ஒருநாள் ஏழாம் பிரிவுக்கு மூச்சிரைக்கத் தாமதமாக வந்தார். தண்டனையாக ஏழாம் பிரிவுக்கு மட்டும் கோதுமை ரொட்டி நிறுத்தப்பட்டு பார்லிக் கஞ்சி வந்தது. அதையும் அவர்தான் குடித்தார்.

செனோவாராவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்யா, ஒரு படையணியக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்ண? ஒத்த ஆளா வரதுன்னா வா. இல்லேன்னா அங்கயே கிட."

அன்று மத்தியானமே விபியுஸ் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைத் தாண்டினார். ஓடிப்போனவனைத் தண்டிக்க வேண்டியது அவனுடைய படையணி. அது இல்லாததால் யாரும் அவரைத் தொடவில்லை.

மறுநாள் பத்துப் பிரிவிலும் பதில் இல்லை. கால்வுஸ் தலைமையில் விசாரணைக் குழு கூடியது. குளிர் தாங்காமல் பீர்க்கடையிலேயே கூடியது. விபியுஸ்தான் ஊற்றினார்.

"யோவ், கடைசியா படையணியப் பாத்தது நீதான். எங்க போச்சு?"

"இங்கதாங்க வந்துச்சு. செனோவாரா வீட்டுக்கு."

கால்வுஸ் கடையைச் சுற்றிப் பார்த்தார். "உளறாதய்யா. அஞ்சாயிரம் பேரு இதுல எப்படி அடங்குவான்?" எழுத்தரிடம் திரும்பினார். "வடக்கேன்னு எழுது."

எழுதியாயிற்று. முத்திரையும் குத்தியாயிற்று. அதிகாரி எழுதி முத்திரை குத்தினால் பொய்யாகவா இருக்கும்? படித்தவர்கள் எல்லாரும் அந்தப் படையணியைத் தேடி இன்றுவரை வடக்கேதான் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் பக்கத்தில் நின்று மண் அள்ளிக்கொண்டிருக்கிறோம்.